ஆள் இருந்த அடையாளம்

"அண்ணே, நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

ஸ்டூல் மேல் ஏறி நின்று திரைக்கம்பியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே ரிஹானா கேட்டாள். பின்னால் நின்ற அண்ணன் சாதிக் அலி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அங்குட்டு ஒரு விரக்கடை ஏத்து. ம்... போதும். கம்பி நேராத்தான் இருக்கு, வீடுதான் கோணல்."

ரிஹானா சிரித்துக்கொண்டே இறங்கினாள். புது வெள்ளைத்திரை கடற்காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது.

அவளும் கணவன் பாசிலும் காரைக்குடியிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டுத் தேவகோட்டை வழியாகத் தொண்டிக்கு வந்திருந்தார்கள். பதினொரு மணிக்கு வீடு பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. ஒரு வாரமாகவே வேலை நடந்தது. உப்புப் பூத்து உதிர்ந்த சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து, துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளைத் தேய்த்து, குளியலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. பெயிண்டர் அன்று காலைதான் உள்சுவருக்குக் கடைசிக் கோட் அடித்துவிட்டுப் போயிருந்தார். இளநீலம். இன்னும் காயவில்லை.

தரகர் அருள்பாண்டி போன வாரம் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு யோசனை சொல்லியிருந்தார். "வாங்குறவுக உள்ள நொழஞ்சா, இதுல ஒருத்தர் இருந்தாகங்குற அடையாளமே தெரியக்கூடாதும்மா. ஆனா நாம இருக்கலாம்னு தோணணும்."

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ரிஹானா அண்ணனுடைய பொருட்களை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். கைலிகள், ரேடியோ, சவூதி தம்மாமிலிருந்து கொண்டுவந்த கம்பளிக் குல்லா, மருந்து டப்பா. அந்த வெற்றிடத்தை நிரப்ப பாசில் தன் கடையிலிருந்து சில சாமான்களை வேனில் ஏற்றி வந்திருந்தான். காரைக்குடியில் அவனுக்குப் பழம்பொருள் கடை. பாகம் பிரித்த வீடுகளிலிருந்து வரும் சாமான்களை வெளியூர்க்காரர்களுக்கு விற்பது அவன் தொழில். ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு பீங்கான் ஜாடி, ஒரு நிலைக்கண்ணாடி. வீடு விலைபோனதும் அவை கடைக்கே திரும்பிவிடும்.

"பொட்டியில எடம் மிச்சம் இருந்தா என்னையும் உள்ள வச்சு டேப்பு ஒட்டிரு" என்றார் சாதிக் அலி.

"வெள்ளிக்கெழம கார் அனுப்புறேன். கௌரவமா ஏறி வாங்க."

"வர்றேன் வர்றேன். நான் இருந்த வரைக்கும் இந்த வீடு இம்புட்டு அழகா இருந்ததே இல்ல."

"அதென்ன இருந்த வரைக்கும்?"

"உன் வீட்டுக்கு வந்துட்டா இது இருந்த வீடுதானே, புள்ள."

இருபது வருடம் அவர் தம்மாமில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்தார். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே உறைகுளிரில் நின்று வேலை. மனைவி காய்ச்சலில் இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், ஊரில் யாரும் எதிர்பாராதபடி தொண்டியில் கடலைப் பார்த்த இந்தச் சின்ன வீட்டை வாங்கித் தனியாக வந்து உட்கார்ந்துவிட்டார். எலும்புக்குள்ள இருக்குற குளிரு எறங்க இன்னும் பத்து வருசம் ஆகும் என்பார். சட்டையில்லாமல் வாசலில் உட்கார்ந்து வெக்கைக் காற்றை வாங்குவார். போன மாசி மாதம் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். தனியாக இருக்க விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ரிஹானா விடவில்லை. தினம் போனில் கெஞ்சினாள், கோபித்தாள், ஒருநாள் அழுதாள். அழுத அன்று அவர் சரி என்றார்.

பாசில் எரியாத இரண்டு பல்புகளை மாற்ற வேண்டும் என்று கடைத்தெருவுக்குப் போனான். ரிஹானா இரண்டாவது ஜன்னலுக்கு ஸ்டூலை நகர்த்தினாள். திரை நீளமாக இருந்தது. கீழே கொஞ்சம் வெட்டி, ஊசியால் மடித்துத் தைத்தாள்.

"மச்சான் கொண்டாந்த நாக்காலி உக்கார்றதுக்கா, பாக்குறதுக்கா?"

"சும்மா உக்காருங்கண்ணே. கடல் பக்கமாத் திருப்பிப் போடுங்க. வர்றவுக பாத்தாத் தாங்களே உக்காந்திருக்க மாதிரி நெனைக்கட்டும்."

அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. சாய்ந்ததும் மரம் முனகியது. "நல்லாத்தான் இருக்கு. எந்தச் செட்டியார் வீட்டு நாக்காலியோ" என்றார். அவள் தைத்து முடித்து, கம்பியில் துணியைக் கோர்த்து, ஸ்டூலில் ஏறி மாட்டினாள். வெளியே யாரோ படகு இன்ஜினைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்புவதும் நிற்பதுமாக இருந்தது.

"இப்ப பாருங்க. இந்தப் பக்கம் எறக்கமா இருக்கா?"

பதில் இல்லை.

"அண்ணே, கை வலிக்குது. சொல்லுங்க."

தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். கம்பியை அப்படியே மாட்டிவிட்டு இறங்கித் திரும்பினாள். கடலைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று கழன்று கிடந்தது. கையைப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டை நம்பி அவரை உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், நெஞ்சை அழுத்தினாள், பெயர் சொல்லிக் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவரைப் பெயர் சொல்லி அவள் அழைத்ததே கிடையாது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சைதுன் பீவி ஓடிவந்தாள். தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டரைக் கூட்டிவர யாரோ போனார்கள். டாக்டர் வந்து கண்ணையும் நாடியையும் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் நெடுநேரம் வைத்திருந்தார். எழுந்து, ரிஹானாவைப் பார்க்காமல், "ஒரே நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டார்" என்றார்.

நான் இங்கதானே நின்னேன் என்று அவள் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சைதுன் பீவி கண்களை மூடிவிட்டாள். தாடையைக் கட்ட ஒரு துணி வேண்டும் என்று அங்குமிங்கும் பார்த்தாள். வீட்டில் ஒரு பழந்துணிகூட வெளியில் இல்லை, எல்லாம் பெட்டிக்குள் டேப் ஒட்டிக் கிடந்தது. ரிஹானா தரையிலிருந்து, சற்று முன் தான் வெட்டிப் போட்ட திரைத்துணியின் துண்டை எடுத்து நீட்டினாள்.

பாசில் பல்புகளோடு வந்து வாசலில் நின்றான். பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

அரை மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. பள்ளிவாசலில் மௌத்து அறிவிப்பு சொன்னார்கள். தெருப்பெண்கள் வந்து யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். சுவரில் சாய்ந்தவர்களின் வெள்ளைத் துப்பட்டிகளில் இளநீலம் ஒட்டியது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இந்த வீட்டுக்கு இத்தனை பேர் வந்து ரிஹானா பார்த்ததில்லை. அண்ணனுக்கு இங்கே யாரும் இல்லை என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐஸ் கம்பெனி ஆள் ஒருவர் அழுதுகொண்டே வந்தார். அவருடைய மிஷினை அண்ணன்தான் இரண்டு தடவை சரிசெய்து கொடுத்தாராம். சும்மாவாம்.

சைதுன் பீவி அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"சுபுஹு தொழுதுட்டு வரும்போது வாசல்ல நின்னு பேசினாக. வெள்ளிக்கெழம போறேன்னாக. சந்தோசமாப் போறீகளாண்ணேன்னு கேட்டேன்."

ரிஹானா நிமிர்ந்தாள்.

"தங்கச்சி சந்தோசமா இருக்கும்னாக" என்றாள் சைதுன் பீவி.

அப்போதுதான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தரகர் அருள்பாண்டி முதலில் இறங்கி, கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் நினைவில்லை. பின்னால் வயதான ஒரு தம்பதி இறங்கினார்கள். கொத்தமங்கலத்து ராமநாதனும் அவர் மனைவி நீலாயதாட்சி ஆச்சியும். அருள்பாண்டி அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். ராமநாதன் கையமர்த்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு போய் ஆண்களோடு வெளியே உட்கார்ந்தார்.

ஆச்சி ரிஹானாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தெரியாத வீட்டில் என்ன பேசுவது என்று புரியாமல் மெதுவாகச் சொன்னாள்:

"நாங்க வந்திருக்கக் கூடாதுத்தா. தெரியாமப் போச்சு. மனசுல வச்சுக்காதே. எங்க வீடு பெரிய வீடு. ஒரு கோடியில இருந்து கூப்பிட்டா மறு கோடிக்குக் கேக்காது. அவுகளுக்கு ஒருநா குளியலறையில வழுக்கிருச்சு. எம்புட்டு நேரம் கூப்பிட்டாகளோ, எனக்குக் கேக்கவே இல்ல. அதுக்கப்புறந்தான், ஒரு சின்ன வீடாப் பாப்போம்னு... கூப்பிட்டாக் கேக்குற மாதிரி..."

ஆச்சி என்ன நினைத்தாளோ, எழுந்து போய்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து அவள் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை டம்ளரின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாசில் உள்ளே வந்து குனிந்தான்.

"காரைக்குடியில பள்ளிவாசலுக்குச் சொல்லிட்டேன். ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. அத்தா கபர் பக்கத்துலயே எடம் இருக்காம். அஸருக்கு அடக்கிரலாம்."

வாசற்படியில் நின்ற தொண்டி ஜமாத் பெரியவர் தொண்டையைச் செருமினார். "உங்க பிரியம் தம்பி. ஆனா அவுக எங்க ஜமாத்துல சேந்தவுக. எங்க ஆளு மாதிரிதான். நீங்க சரின்னா இங்குட்டே செய்யலாம்."

"இல்லங்க. சொந்தபந்தம் எல்லாம் அங்குட்டு" என்றான் பாசில். "இவ அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் இம்புட்டும் செஞ்சா. ரூமெல்லாம் தயாரா இருக்கு."

"இங்கேயே வைங்க" என்றாள் ரிஹானா.

பாசில் அவளைப் பார்த்தான். "நேத்து வரைக்கும் அங்குட்டு கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னே."

"நேத்து அவுககிட்டக் கேட்டேன். சரின்னாக." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னைக்கு யாருகிட்ட கேக்குறது?"

பாசில் அவள் தோளில் ஒருமுறை கைவைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

காரைக்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து சேர்ந்தார்கள். இங்கே ஏன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவள் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மாலை அஸர் தொழுகைக்கு முன் குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டார்கள். முகம் பார்க்கக் கூப்பிட்டபோது போனாள். பன்னீர் வாசனைக்குள்ளும் பெயிண்ட் வாசனை வந்தது. அண்ணனின் முகம் எதற்கோ சிரிக்கப் போவது போலிருந்தது. நெற்றியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. சட்டென்று கையை எடுத்தவள், மறுபடி வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள். விலக்க வந்த பெண்ணை சைதுன் பீவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது ஆண்கள் எல்லோரும் பின்னால் நடந்தார்கள். தெருமுனை வரை தோள் கொடுத்தவர்களில் ராமநாதனும் ஒருவராக இருந்தார் என்று பாசில் பிற்பாடு சொன்னான்.

வீடு அவர்களுக்குத்தான் போனது. நாற்பதாம் நாள் கழிந்த பிறகு ராமநாதன் போன் செய்தார். இறப்பு நடந்த வீடென்று விலையைக் குறைக்கச் சொல்வார் என்று அருள்பாண்டி பயந்துகொண்டிருந்தார். ராமநாதன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பத்திரம் முடிந்தது. தை பிறந்ததும் அவர்கள் குடிவந்தார்கள்.

மாசியில் ஒருநாள், அண்ணனின் கபரைப் பார்க்கப் போகும் பாசிலோடு ரிஹானாவும் காரில் வந்தாள். பெண்கள் உள்ளே போவதில்லை. அவள் தெருவிலேயே காரில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அந்த வீடு தெரிந்தது. ஆச்சி பக்கவாட்டில் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ராமநாதன் ஏதோ கேட்டார். ஆச்சி கிளிப்பை வாயில் கடித்தபடியே "ம்ம்" என்று பதில் கொடுத்தாள். அவர் மறுபடி ஏதோ கேட்டார். அவளும் மறுபடி "ம்ம்" என்றாள்.

ஆச்சி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொடியில் ஆண் சட்டை ஒன்று ஈரமாகத் தொங்கியது. கடலிலிருந்து காற்று எழும்பி அதன் ஒரு கைக்குள் புகுந்தது. கை நிறைந்து, மெல்ல உயர்ந்து, சற்று நேரம் அப்படியே நின்றது.

ரிஹானா கார்க் கண்ணாடியை முழுவதும் இறக்கினாள்.