யோஸ்ட்டின் உப்புத்தண்ணீர்

ஃபென்னா முன்னறை ஹீட்டரின் குமிழைத் திருகி மூடியபோது, ஹன்னகா கண்ணாடித் தொட்டியின் முன் மண்டியிட்டு அதன் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து.

"ஜன்னலையும் திறந்து வைக்கணும்," என்றாள் ஃபென்னா. இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் நிறுவனத்திலிருந்து வந்தவள். "வியாழக்கிழமை அடக்கம். அதுவரைக்கும் அவர் வீட்டுலயே இருக்கணும்னா இந்த ரூம் சில்லுனுதான் இருக்கணும். அடியில வச்சிருக்கற குளிர்பலகை மட்டும் போதாது."

ஜன்னல் திறந்ததும் கடலோர ஊரான ஃபிளிசிங்கனின் ஜனவரிக் காற்று உள்ளே வந்தது.

முன்னறையில் போட்டிருந்த மருத்துவமனைக் கட்டிலில் யோஸ்ட் கிடந்தான். முப்பது வருடம் நகராட்சியின் தெருவிளக்குகளைப் பார்த்துக்கொண்டவன். காலையில் மனைவி ஹன்னகா காபி போட எழுந்துபோன நேரத்தில் அவன் மூச்சு நின்றிருந்தது. மகள் மார்லூஸ் க்ரோனிங்கனிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. பையைக்கூட இறக்காமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அவரை மாடிக்குக் கொண்டுபோக முடியாதா?" என்று ஹன்னகா கேட்டாள்.

ஃபென்னா செங்குத்தாக ஏறிய குறுகலான படிகளைப் பார்த்தாள். "இந்தப் படியிலயா? கட்டிலையே ஜன்னல் வழியாத்தானே உள்ள கொண்டுவந்தீங்க?"

"அப்பா இங்கயே இருக்கட்டும்," என்றாள் மார்லூஸ்.

தொட்டி நகராது. கடல்மீன் வளர்க்க அறுபது லிட்டர் உப்புத்தண்ணீர். அசைத்தால் அடிமணல் எல்லாம் கலங்கிவிடும்.

மூன்று வாரத்துக்கு முன் கூஸ் ஊர்க் கடையில் அதை வாங்கினார்கள். யோஸ்ட் சக்கர நாற்காலியில், மூக்கில் குழாயோடு. கடைப் பெண் மூடியும் விளக்கும் எல்லாம் பொருத்திய ஒரு சின்னத் தொட்டியைக் காட்டினாள். ஹன்னகாவுக்கு அது பிடித்திருந்தது. சமையலறை மேடையின் மூலையில் அடங்கிவிடும்.

"வேண்டாம்," என்றான் யோஸ்ட். "முதல்முறை வைக்கறவங்க தப்பு பண்ணுவாங்க. கொஞ்சூண்டு தண்ணி ஒரே நாள்ல கெட்டுப்போயிடும். தண்ணி நிறைய இருந்தா சமாளிச்சுக்கலாம்."

"நானூறு யூரோவுக்குள்ளன்னு நீதானே சொன்ன?"

அதற்குள்தான் முடித்தான். காட்சிக்கு வைத்திருந்த பழைய தொட்டி, மலிவு விளக்கு, தண்ணீருக்குள் வைக்கும் ஹீட்டர்களில் கடையிலேயே சிறியது. பெரியதை எடுக்கலாமே என்று பெண் சொன்னதற்கு, "வீடு எப்பவும் சூடாத்தானே இருக்கும். இது போதும்," என்றான்.

"தண்ணியும் கல்லும் பழகட்டும். மீன் விட எப்படியும் ஒரு மாசம் ஆகும்," என்றாள் அவள்.

ஹன்னகா கணவனைப் பார்த்தாள். டாக்டர் சில வாரங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்.

"சரி, அவசரமில்ல," என்றான் யோஸ்ட்.

காரில் அவளால் பொறுக்க முடியவில்லை. "அவசரமில்லையா? யாருக்கு?"

தொட்டிக்கென்று வாங்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய கடற்பாறைத்துண்டு அவன் மடியில் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா ஓட்டு. கல்லு ஆடுது," என்றான்.

இன்றுவரை தொட்டியில் அந்தக் கல்லும், ஒரு நத்தையும், நாணயம் அளவுக்கு உயிருள்ள ஒரு பவளமும்தான். தினமும் கண் விழித்ததும் "எவ்வளவு?" என்று கேட்பான். "இருபத்தஞ்சுதான், எங்க போயிடப் போகுது?" என்று சண்டைக்காரி மாதிரி பதில் சொல்வாள்.

அவன் இறந்த அன்று சாயங்காலம் வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. பவளம் தன் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. ஹன்னகா குளியல் துண்டுகளால் தொட்டியைச் சுற்றினாள். பிறகு மாடியிலிருந்து தடித்த போர்வையைக் கொண்டுவந்து மேலே போர்த்தினாள்.

"என்னம்மா பண்ற?" மார்லூஸின் உதடுகள் குளிரில் வெளுத்திருந்தன.

"சூடு நிக்க மாட்டேங்குது."

"வேற ஹீட்டர் வாங்கிக்கலாமே?"

"இன்னிக்கு ஞாயிறு. அந்தக் கடை நாளைக்கும் தொறக்காது."

மார்லூஸ் கட்டில் பக்கம் திரும்பினாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள்.

திங்கள் காலை பத்தொன்பது. நத்தை கண்ணாடியிலிருந்து விழுந்து மணலில் மல்லாந்து கிடந்தது. ஹன்னகா கையை விட்டு அதை எடுத்துக் கல்லில் ஒட்டிவைத்தாள். நிற்கவில்லை. உருண்டு விழுந்தது. இன்னொரு தடவை வைத்தாள். ஈரக் கையைத் துடைக்காமலே சமையலறைக்குப் போய் ஃபென்னாவுக்கு போன் செய்தாள்.

"அப்பாவைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டியா?" மார்லூஸ் வாசற்படியில் நின்றிருந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"அவங்க இடத்துல குளிர் அறை இருக்கு. அங்க போய் உக்காந்துக்கலாம். சாயங்காலம் வரைக்கும் விடுவாங்களாம்."

"அது நம்ம வீடா? ஒரு நத்தைக்காகவா, அம்மா? அதுல ஒரு மீன்கூட இல்ல!"

"இல்லதான்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னு அப்பாகிட்ட சொன்னேன். வந்தேன்." மார்லூஸின் குரல் உடைந்தது. "மிச்ச நாளாவது பக்கத்துல இருக்கலாம்னு நெனச்சேன். அதையும் குடுக்க மாட்டேங்கற."

ஹன்னகா வாயைத் திறந்தாள். காரில் நடந்ததைச் சொல்லலாம். காலையில் அவன் கேட்கும் கேள்வியைச் சொல்லலாம். சொன்னால் ஒரு தொட்டியைப் பற்றிய பேச்சாகத்தான் அது கேட்கும்.

"ஹீட்டர் சின்னது," என்றாள்.

இரண்டு ஆட்கள் வந்து யோஸ்ட்டை ஜன்னல் வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். மார்லூஸ் கறுப்பு வண்டியின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஹன்னகா ஜன்னலை மூடினாள். அறை ஹீட்டரின் குமிழைத் திருகித் திறந்தாள். குழாய்களில் வெந்நீர் ஏறும் சத்தம் கேட்டது. காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். யோஸ்ட்டுக்காகத்தான் அவனை அனுப்பினாளா, அல்லது அந்தக் குளிரில் இன்னும் மூன்று நாள் அவன் முகத்தோடு இருக்க முடியாமல் அனுப்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மதியம் பக்கத்துவீட்டிலிருந்து பட்டாணி சூப் வந்தது. மேசையிலேயே ஆறியது.

இருட்டும் நேரத்தில் மார்லூஸ் திரும்பி வந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு முன்னறை வாசலில் நின்றாள்.

"நத்தை?"

"தெரியல. இன்னும் அசையல."

மார்லூஸ் தரையில் உட்கார்ந்து தொட்டிக்குள் பார்த்தாள். போர்வையும் துண்டுகளும் பக்கத்தில் கிடந்தன. "தண்ணி குறைஞ்சிருக்கு."

"ரெண்டு நாளா ஊத்தல."

"உப்பு போட்டு ஊத்தணுமா?"

"வேண்டாம். தண்ணிதான் ஆவியாப் போகும். உப்பு அங்கயேதான் இருக்கும். மேசைக்குக் கீழ கேன்ல சுத்தத் தண்ணி இருக்கு."

மார்லூஸ் ஒரு கோப்பையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டி விளிம்பில் சாய்த்தாள்.

"மெதுவா," என்றாள் ஹன்னகா. "கண்ணாடி ஓரமா."

மார்லூஸ் கோப்பையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். தண்ணீர் ஒரு நூலாக வழிந்து இறங்கியது. அடியில் மணல் கலையவில்லை.