நுனி இல்லாத கொடி

அப்பாவின் பல்செட் லேசில் வரவில்லை. உடம்பு விறைத்துத் தாடை இறுகுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பினாள். வந்தது. துடைக்கலாம் என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபோது, கடைவாய்ப் பக்கம் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

நகத்தால் சுரண்டினாள். இலைத் துணுக்கு. தடித்த தோல், உள்ளே கொஞ்சம் கொழகொழப்பு. நேற்று ராத்திரி அப்பாவுக்கு அவள் கொடுத்தது ரொட்டிதான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குக் கீரை ஆகாது, பழம் ஆகாது, அதிலிருக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்த வீட்டுக்குள் பச்சையாக எதையுமே அவள் விட்டதில்லை, ஜன்னலில் தொங்கும் தொட்டியைத் தவிர.

நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தாள். கட்டிலின் பக்கம் தொங்கிய கொடிகளில் ஒன்றுக்குக்கூட நுனி இல்லை. பாதிக் கொடிகளில் இலையே இல்லை.

"என்னக்கா?" என்றான் அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்திருந்த தம்பி, வாசலில் போனோடு நின்று.

"ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்ட பேசிட்டியா?"

"வந்துக்கிட்டே இருக்காராம். பாத்துட்டு எழுதிக் கொடுத்துடறேன்னாரு."

அவள் கையை மூடிக்கொண்டாள்.

அப்பா பிளம்பர். முழங்கால் விட்டுப்போகும் வரை அடுத்தவர் வீட்டுச் சாக்கடையிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் கிடந்தவர். சிறுநீரகம் கைவிட்டபோது டாக்டர் முதலில் தண்ணீரில்தான் கைவைத்தார். குடித்தால் வெளியே போக வழியில்லை, நுரையீரலில் போய் நிற்கும் என்றார். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சொன்ன அளவு என்றால் சொன்ன அளவுதான். சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்து வைத்தாள். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

"எத்தனை வீட்டுக்காரனுக்குத் தண்ணி காட்டினவன் நான், எனக்கே நீ தண்ணி காட்டறியா?" என்பார் அப்பா. முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு கிண்ணத்தைச் சுவரில் வீசியெறிந்து. ஒருநாள் குளியலறைக் குழாயில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அன்றைக்கே மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போட்டு, பிழைத்தது மறுபிழைப்பு. வீடு திரும்பிய அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே குழாயத் தொடமாட்டேன். போதுமா?"

அதன்பின் அவர் வாய்விட்டுத் தண்ணீர் கேட்டதே இல்லை. பெரியவருக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவளுக்கு அவ்வளவு நிம்மதி. கடையில் கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

செடியின் மேல் அவருக்கு ஆசை வந்தது அதற்கப்புறம்தான். தெருமுனை நர்சரியில் அவள் வாங்கிவந்து வராந்தாவில் தொங்கவிட்டிருந்த தொட்டி. கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். கொடி வெயிலைத் தேடி ஜன்னல் கம்பி வழியாக வெளியேயும் இறங்கியது.

"இது என்ன செடின்னு கேட்டியா? பாத்தா பருப்புக்கீரை மாதிரி இருக்கு."

"கீரை இல்லப்பா. டேபிள் ரோஸ் ஜாதின்னு கொடுத்தாங்க."

"டேபிள் ரோஸுக்கு இலை ஊசி மாதிரில்ல இருக்கும்? இது பட்டையா இருக்கே. நல்லாக் கேட்டுட்டு வா."

"உங்களுக்கு எதுக்குப்பா இந்த ஆராய்ச்சியெல்லாம்?"

"படுத்துக் கெடக்கறவனுக்கு வேற என்ன வேலை?"

பொழுதுபோக ஏதோ ஒன்று கிடைத்ததே என்று அவளும் ஒரு கொடியைக் கிள்ளிக்கொண்டு போய்க் கேட்டாள். நர்சரிக்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். மொத்தமாக வந்த நாற்று, பூத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றாள். "பூ எங்கேருந்து வரும்? நுனியெல்லாம் ஏதோ கடிச்சுத் தின்னுருக்கே. சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாரு. தண்ணி மட்டும் அளவாத்தான் விடணும், தெரியுதா? இது இலையிலயே சேத்து வச்சுக்கற ஜாதி."

சோப்புத் தண்ணீர் தெளித்தாள். கட்டிலில் சாய்ந்தபடி அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "குளிப்பாட்டினது போதும், நல்லாக் கழுவி விட்டுடு" என்றார். "இன்னொரு தரம் கழுவு." அப்படியும் செடி தேறவில்லை. பரிதாபமாக இருந்தது அவளுக்கு. அளவாவது ஒன்றாவது என்று தினமும் காலையில் ஒரு சொம்பு நிறைய ஊற்றினாள். அவர் கண்ணெதிரில். தொட்டியின் அடியில் வழிந்து தரையில் சொட்டுகிற அளவுக்கு.

கடைசியில் கொஞ்ச நாளாக ஒரு முறைப்பு வேறு. அவள் அறைக்குள் நுழைந்து ஏதாவது கேட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று கத்தியிருக்கிறாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வரும்.

வாயில் வைத்திருந்தது எது என்று இப்போது தெரிந்தது. பல்செட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். தாடை விழாமல் துணியால் கட்டினாள். அழுகை வரவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும்: அவரைக் கொன்றது இந்த இலையா?

நர்சரிக்காரம்மா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். கட்டிலருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவளை இவள் முழங்கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப்போனாள்.

"இது என்ன செடின்னு இப்பச் சொல்லுங்க."

"இப்பவாம்மா?"

"சொல்லுங்க."

நர்சரிக்காரம்மா கொடியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கம்பிக்கு வெளியே கையை விட்டு, சுவரோடு தொங்கிய நீளக் கொடியை மெல்ல இழுத்தாள். கட்டிலில் இருந்து எட்டாத கொடி அது. கொழுகொழுவென்று இலை, நுனி கலையாமல் இருந்தது. அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூ, இளஞ்சிவப்பில், நூல் நூலாக இதழ் விரித்து.

"பேபி சன்ரோஸ்" என்றாள். "வெயில் பட்டாத்தான் விரியும், சாயங்காலம் மூடிக்கும். டேபிள் ரோஸ் இல்ல, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"விஷமா?"

"சேச்சே. சில பேர் பறிச்சுத் திங்கறதுகூட உண்டு. கீரைன்னு வச்சுக்கோயேன். கடிச்சா லேசாப் புளிக்கும், மத்தபடி வெறும் தண்ணிதான்."

சொல்லிக்கொண்டே கட்டில் பக்கத்து மொட்டைக் கொடிகளைப் பார்த்தாள். அவை நின்ற உயரத்தைப் பார்த்தாள். படுத்திருந்தவரின் கையைப் பார்த்தாள். பூவோடு கொடியை வெளியே விட்டுவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்தார், கால் வீக்கத்தை அழுத்தினார்.

"ராத்திரி மூச்சு வாங்கிச்சா?"

"இல்ல டாக்டர். தூங்கிட்டுத்தான் இருந்தாரு. விடிஞ்சு எழுப்பினா..."

"ஹார்ட் நின்னிருக்கும். இந்த வியாதியில திடீர்னு இப்படி நடக்கறதுதான்." பேனாவை எடுத்தார். "நாம சொன்னதத் தவிர வேற ஏதாவது சாப்பிட்டாரா? கீரை, பழம், இளநீர்?"

இலையை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். நீட்டினால் போதும், இதுவா இல்லையா என்று அவர் சொல்லிவிடுவார். அதற்குத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறாள். ஆனால் டாக்டர் கேட்ட தோரணை, அப்பாவைத் திட்டுவதற்கு முன்னால் எப்போதும் கேட்கிற தோரணை. தம்பி வேறு பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் முன்னால் அவரைப் பிடித்துக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்ல டாக்டர்" என்றாள். "சொன்னபடிதான் இருந்தாரு."

"தண்ணி?"

"கேக்கவே மாட்டாரு."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். "என்கிட்ட வர்றவங்கள்ல இவ்வளவு கட்டுப்பாடா இருந்தது இவர் ஒருத்தர்தான். நீங்களும் நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா. அதுல உங்களுக்கு ஒரு மனக்குறையும் வேண்டாம்."

தாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவக் குளியலறைக்குப் போனார். தம்பி துண்டோடு பின்னால் போனான்.

"அக்கா," என்று உள்ளிருந்து அவன் குரல். "குழாய்க்குத் திருகே காணோமே?"

அவள் எழுந்து போனாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். வாசல் சாவிக்கும் பீரோ சாவிக்கும் நடுவே குழாய்த் திருகு கோத்திருந்தது. தொடமாட்டேன் என்று அப்பா சொன்ன அன்று, அவர் தூங்கினபின் கழற்றியது. திருகு இல்லாத குழாயைத் திறக்க அவருக்குப் பத்து வழி தெரியும், வெறுங்கையே போதும். தொடவில்லை.

தம்பி சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திருகை வளையத்திலிருந்து உருவி, குழாயில் செருகித் திருப்பினாள். தண்ணீர் தடதடவென்று கொட்டியது. டாக்டர் முழங்கைவரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினார், முகத்திலும் இரண்டு கை அள்ளி அடித்துக்கொண்டார்.

அவர் போனதும் அவள் குழாயை மூடினாள். திருகைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, பழையபடி சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள்.