வெர்லின் டிட்மர் சாப்பிட்ட மாநிலங்கள்

1

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. ஒஹையோவின் வடமேற்கு மூலையைச் சேர்ந்தவரும், பள்ளிப் பேருந்தை முப்பத்தோரு ஆண்டுகள் ஒருமுறைகூடக் கவிழ்க்காமல் ஓட்டியவருமான திரு. வெர்லின் டிட்மர் அவர்கள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் தம் திருப்பாதங்களைப் பதித்து, அங்கங்கே அமர்ந்து உணவருந்தி, இப்பெருவாழ்வை நிறைவு செய்தார் என்பதை—

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு காரணங்கள். முதலாவது, இதை எழுதிக்கொண்டிருந்தபோது திரு. டிட்மர் எனக்கு எதிரேயே உட்கார்ந்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது காரணம் அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எதற்கு முன்கூட்டியே?

கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. இந்த ஊரில் ஒருவர் இறந்தால் வாரப் பத்திரிகைக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுப்பது வீட்டாரின் பொறுப்பு. எந்தத் தேவாலயம், எத்தனை பேரப்பிள்ளைகள், நாயின் பெயர் என்ன. அதில் ‘ஐம்பது மாநிலங்களுக்கும் சென்றவர்’ என்று ஒரு வரி இருந்துவிட்டால், நாய் உட்பட மற்ற எல்லோரும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்காகவே பெட்ரோல் எரிப்பவர்கள் இங்கே உண்டு.

வெர்லினின் நுரையீரல் தீர்ந்துகொண்டிருந்தது. “டாக்டர் கோடை வரைக்கும் தாங்கும்னார். எந்தக் கோடைன்னு நான் கேட்டுக்கல” என்றார். “நீதான் எழுதுவியாமே. என் பத்திய எழுதிக் குடு. இருக்கும்போதே படிச்சுப் பாத்துடறேன்.”

“நான் தமிழ்ல எழுதறவன் வெர்லின்.”

“ரொம்ப நல்லது. அப்ப இந்த ஊர்ல ஒருத்தனும் இதுவரைக்கும் உன்னக் குறை சொல்லிருக்க மாட்டான்.”

2

கைவிட்ட தொடக்கங்கள்:

‘சிறு வயதிலிருந்தே வெர்லினைத் தொடுவானம் ஈர்த்துக்கொண்டே—’ பொய். சிறு வயதில் அவரை ஈர்த்தது பக்கத்துப் பண்ணையின் டிராக்டர்.

‘சாலை அவரை அழைத்தது.’ சாலை யாரையும் அழைக்காது. அழைத்தவர் மார்வா, அவருடைய மனைவி, அதுவும் சாப்பிட.

‘மனிதன் ஏன் ஒரு பட்டியலை முழுமையாக்கத் துடிக்கிறான்? மரணத்தின் முன்னால் அவன்—’ இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கொஞ்சம் தெளிந்தது.

நேராகச் சொல்கிறேன். வெர்லினின் கராஜ் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. சென்ற மாநிலங்களுக்குப் பச்சை மெழுகுக்கட்டியால் வண்ணம். விதிமுறைகள் பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருந்தன. விமான நிலையம் கணக்கில்லை. கார் ஜன்னல் வழியே பார்த்தது கணக்கில்லை. மேசை போட்ட இடத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்க வேண்டும். என்ன சாப்பிட்டோம் என்று பிறகு யார் கேட்டாலும் சொல்ல முடிய வேண்டும். [ஒரு நாட்டையே வயிற்றால் அளந்தவர். நில அளவைத் துறையினர் சிரிக்கலாம்.]

மார்வாவின் தம்பி ட்வேன் இந்த விதிகளுக்குப் பலியானவர். ஒரு நன்றிப் பெருநாள் விருந்தில், வான்கோழியை வெட்டுவதற்கு முன்னால், தனக்கு முப்பத்தெட்டு மாநிலங்கள் முடிந்துவிட்டன என்று ட்வேன் அறிவித்தார். அங்கே நானும் இருந்தேன்.

“டெலவேர்ல என்னடா சாப்ட்ட மச்சான்?” என்றார் வெர்லின்.

“அங்க... கார்ல பின் சீட்ல தூங்கிட்டேன்.”

“அப்ப முப்பத்தேழு.”

“யோவ், அந்த மண்ணு மேலதான போனேன்! அந்தக் காத்தத்தான சுவாசிச்சேன்!”

“ஏசி போட்டிருந்தியா?”

“...போட்டிருந்தேன்.”

“அது காரோட காத்து. உருளைக்கிழங்க இப்படித் தள்ளு.”

ட்வேன் அடுத்த ஆண்டு விருந்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும். வெர்லின் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “விதி விதிதான்” என்று முடிப்பார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவரை வைத்துக் கதை எழுத முடியுமா? ஒரு தூக்கத்துக்காக மச்சினனை இழந்தவர். முப்பத்தோரு வருடம் ஒரே பதினாறு மைலை ஓட்டிவிட்டு, விடுமுறையில் அதே முகத்தோடு ஆயிரம் மைல் ஓட்டியவர். கேலிச்சித்திரத்துக்கு ஆள் சரி, கதைக்கு ஆள் போதாது என்று முடிவு செய்து, இந்தத் தாள்களை ஒரு வாரம் இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

பிறகு ஏப்ரலில் ஒரு பிற்பகல்.

3

பத்திக்குத் தகவல் சரிபார்க்க அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். மார்வா அடுப்பருகே நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிஜன் இயந்திரம் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. வெர்லின் சென்ற வரிசைப்படி சொல்லிக்கொண்டே வந்தார், நான் குறித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சாப்பாடு.

“முப்பத்தொம்பது, அலபாமா. பொரிச்ச கெளுத்தி மீன். எழுதிட்டியா? நாப்பது, நெப்ராஸ்கா. முட்டை. கறி கேட்டேன், முட்டைதான் வந்துச்சு. நாப்பத்தொண்ணு, ஐடஹோ. உருளைக்கிழங்கு.”

“வேற என்ன கிடைக்கும் அங்க?” என்றேன்.

“கேலி பண்ணாத, நல்லா இருந்துச்சு. நாப்பத்திரண்டு, மொன்டானா. பர்கர். ஈ ஒண்ணு கூட வந்துச்சு. அதுக்கு அவன் எக்ஸ்ட்ரா கேக்கல.” சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. “நாப்பத்து மூணு...”

[நாற்பத்து மூன்றாவது மாநிலத்தின் பெயரை எடுத்துவிட்டேன். எதற்கு என்று சீக்கிரமே புரியும். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.]

நாற்பத்து மூன்றில் நின்றார். மேசையில் பரப்பி வைத்திருந்த பயணப் படங்களிலிருந்து அதற்கான ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். மார்ச் 2004. பனியில், ‘நல்வரவு’ என்ற பெரிய பலகைக்குப் பக்கத்தில் வெர்லின், காது மூடிய தொப்பியோடு வாய் நிறையச் சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“மார்வா” என்று கூப்பிட்டார். தலையைத் திருப்பவில்லை. “அங்க நாம என்ன சாப்ட்டோம்?”

பாத்திரம் துடைக்கும் சத்தம் நின்றது.

மார்வாவை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர். என் மனைவி சுட்ட கேக் எப்படி என்று கேட்டதற்கு “மாவு வேகல கண்ணு” என்றவர்.

“மீட்லோஃப்” என்றார் மார்வா. கொத்துக்கறியை ரொட்டிபோல் சுட்டு, கிரேவி ஊற்றித் தருவது. “நீ பாதிய வச்சுட்ட.”

வெர்லின் படத்தைத் தன் பக்கம் இழுத்து, குப்புறக் கவிழ்த்து வைத்தார். இயந்திரம் உறுமியது.

“ஆமா” என்றார். “கிரேவி கட்டி கட்டியா இருந்துச்சு.” பிறகு என்னிடம்: “எழுதிக்கோ. நாப்பத்து நாலு, வெர்மான்ட்.”

எழுதிக்கொண்டேன்.

4

மார்வா வாசல் வரை வந்தார். வழக்கமாக வரமாட்டார். வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மீட்லோஃப் கிடையாது” என்றார்.

“சரி, வேற என்னன்னு சொல்லுங்க, மாத்திடறேன்.”

“எதுவும் கிடையாது. நாங்க அந்த மாநிலத்துக்குள்ள போகவே இல்ல.”

நான் எழுத்தாளன் அல்லவா, உடனே பையிலிருந்து பேனாவை எடுத்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் அதைப் பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே வைத்தேன்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன். அலங்கரித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

“அந்தப் பலகை ஆத்துக்கு இந்தக் கரையில இருக்கு. ஜனங்க வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்க இடம் வேணும்னு இங்கயே நட்டுட்டாங்க. மாநிலம் பாலத்துக்கு நடுவுலதான் ஆரம்பிக்குது. வரைபடம் என் மடியிலதான் இருந்துச்சு, எனக்குத் தெரியும். பனின்னு பாலத்த மூடி வச்சிருந்தாங்க. காலைல திறப்போம்னான் போலீஸ்காரன். இவர் குதிச்சாரு, ‘ஆறு மணி நேரந்தான மார்வா, கார்லயே உக்காந்திருப்போம்’னாரு. போட்டோ எடுத்தோம். எடுத்துட்டுக் காமிராவ உறைக்குள்ள போடறேன், போன் அடிக்குது.”

நிறுத்தினார். எதிர் வீட்டுக்காரர் இலை ஊதும் இயந்திரத்தை அணைக்கும் வரை காத்திருந்தார்.

“ஜோலின் வீட்டுக்காரரு. எங்க பொண்ணுக்கு ஏழாம் மாசம். குழந்தை தங்கலன்னாரு.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் நல்லது.

“வண்டியத் திருப்புன்னேன். திருப்பினாரு. ஒஹையோ வரைக்கும் ரெண்டு நாள், ஒரு வார்த்த பேசல. ஒரு வாரம் கழிச்சு கராஜுக்குப் போனேன், துணி காயப் போடற கயிறு எடுக்க. நின்னு அந்த மாநிலத்துக்குப் பச்ச அடிச்சுக்கிட்டிருந்தாரு. ரொம்ப அழுத்தி அடிச்சாரு, மெழுகு உடஞ்சு போச்சு. நான் கயிற எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

“அதுக்கப்புறம் திரும்பப் போகலாமேன்னு அவர் கேக்கலியா?”

“மத்த ஏழுக்கும் போனோம். ஹவாய் வரைக்கும். அத அவர் கேக்கல. கேட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும்.”

பிறகு என்னை நேராகப் பார்த்தார். “இவர்கிட்ட மீட்லோஃப்னு சொன்னேன். அது எனக்கும் அவருக்கும். அச்சுல வர்றது வேற. ஐம்பதுன்னு போட்டா பொய். என் பேர்ல பொய் வராது. நாப்பத்தொம்பதுன்னு போட்டா, விட்டுப்போன ஒண்ணு எதுன்னு ஊர் கேக்கும். மொதல்ல கேக்கறவன் என் தம்பி. ஜோலின் பக்கத்துல நிப்பா.”

“நான் என்ன எழுதட்டும் மார்வா?”

“எழுத்தாளர் நீங்கதான?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

[இதுவரைக்கும் என்னை யாரும் இவ்வளவு கச்சிதமாக விமர்சித்ததில்லை.]

5

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: நான் வெர்லினை என் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். பின் சீட்டில் எட்டு ஆக்ஸிஜன் உருளைகள். மூன்று நாள் பயணம். பாலம் திறந்திருக்கிறது. அக்கரையில் ஒரு சின்னக் கடை. மீட்லோஃப் வருகிறது, கிரேவி கட்டி கட்டியாக. அவர் தட்டைக் காலி செய்கிறார். எழுதி முடித்ததும் இதை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டத் தோன்றியது. ஆகவே இது மோசமான முடிவு. தவிர, மே ஒன்பதாம் தேதி காலை, பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆக்ஸிஜன் உருளைகளை வாடகைக்குக் கேட்கக்கூட எனக்கு நேரமிருக்கவில்லை.

இரண்டு: இறுதி ஊர்வலத்தில் ட்வேன் அழுது, சவப்பெட்டியில் கை வைத்து, “முப்பத்தேழுதான் மச்சான்” என்று ஒப்புக்கொள்கிறார். அழகான காட்சி. ட்வேன் வந்தார், உருளைக்கிழங்கு சாலட் இரண்டு தட்டு சாப்பிட்டார், போனார்.

மூன்று: சாவதற்கு முன்னால் வெர்லின் என் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். வாசகர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது, “யோவ், உன் புல்ல வெட்டு, ஊரே பாக்குது.”

நான்காவதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தப் பிற்பகல் அவர் மார்வாவை எதற்குக் கேட்டார்? நாற்பத்தொன்பது சாப்பாட்டை வரிசையாகச் சொன்ன மனிதர், சாப்பிடாத ஒன்றை மறந்திருப்பாரா? நோய் அதை அழித்துவிட்டதா? அல்லது, பத்தொன்பது வருடமாகப் பேசாத ஒன்றைப் பற்றிக் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாரா? மார்வா மீட்லோஃப் என்றதும், சரி, இப்படியே இருக்கட்டும் என்று கிரேவியை ஊற்றிக் கொடுத்தாரா? பச்சை அடித்தது பெருமைக்கா, அல்லது அந்த இடத்தை வெள்ளையாகப் பார்க்க முடியாமலா? ட்வேனின் தூக்கத்தை மன்னிக்காதவர் இதை எந்த விதியின் கீழ் வைத்துக்கொண்டார்?

எனக்குத் தெரியாது. கதாசிரியன் என்ற முறையில் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் தெரியாது. நான் பக்கத்து வீட்டுக்காரனாகவே இருந்துகொள்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஜோலின் இருக்கும் அறையில் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

அவருடைய பத்தியை ஆங்கிலத்தில் ஏழு முறை எழுதினேன். எல்லாவற்றிலும் எண் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு விட்டிருந்தேன். ஏழு தாள்களையும் மார்வாவிடம் கொடுத்தேன். மேசையில் வைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தார். “நல்லாத்தான் எழுதிருக்கீங்க” என்றார். பிறகு வேறொரு தாளை எடுத்து அவரே எழுதினார்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. ஆறாம் பக்கம், இடது மூலை. பிறந்த தேதி, தேவாலயத்தின் பெயர், மனைவி மார்வா, மகள் ஜோலின். அதன் கீழே ஒரு வரி: ‘ஓய்வு நேரங்களில் கார் ஓட்டுவார்.’