கைதட்டு வாங்கிய மன்னிப்பு

அந்தப் பேருந்து ஓட்டுநரை அவருடைய சகலை 'எதிர்க்கட்சித் தலைவர்' என்றுதான் கூப்பிடுவார். பிழைக்க வந்த நாட்டைப் பற்றி ஓட்டுநரின் வாயில் நல்ல வார்த்தை வந்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் சாப்பிடக் கூடினால் போதும், இலை போடுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"பக்கத்து வீட்டுல சாவுன்னாகூட போன் பண்ணி, எப்ப வரலாம்னு கேட்டுட்டுத்தான் போகணும். இதெல்லாம் ஒரு ஊரா? தும்மினா அபராதம், இருமினா நோட்டீஸு!"

"தலைவரே, அவையில கொஞ்சம் அமைதி காக்கணும்" என்பார் சகலை. சகலையின் பிள்ளைகள் மூன்றும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, தமிழில். வெளியே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ஏறுகிற எல்லோருக்கும் ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு.

அவர் மனைவி அப்படியில்லை. தையல் கடையில் பேன்ட்டைக் குட்டையாக்குவதும் ஜிப் மாற்றுவதும் அவள் வேலை. அளவு கொடுக்க வரும் பெண்களோடு பேசிப் பேசியே அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டாள். ஊர் அவளுக்குப் பிடித்திருந்தது. "திட்டாம ஒரு வாய் சாப்பிடுங்களேன்" என்பாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் நகரசபை ஒரு புதுச் சட்டம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு வந்தது. வாடகை வீட்டில் ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் ஆபத்தாம். சகலை குடியிருந்தது இரண்டு அறை வீடு. புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். பெரிய வீட்டுக்கு வாடகை கட்ட அவர் வெல்டிங் வேலை பார்த்துக் கிடைக்கும் சம்பளம் போதாது.

பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கூட்டம் போட்டார்கள். ஓட்டுநர் வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவியின் தங்கையும் சகலையும் பின்வரிசையில் இருந்தார்கள். மேடையில் நகரசபைத் தலைவி. யாராவது பேசுகிறீர்களா என்று அவர் கேட்டதும், ஓட்டுநரின் மனைவி எழுந்துவிட்டாள். பேசப்போகிறேன் என்று வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இந்தச் சட்டம் தப்பு" என்றாள், அந்த ஊர் மொழியில், வார்த்தைகளைத் தேடித் தேடி. "தீ சொந்த வீட்டுலயும் பிடிக்கும். அங்க எத்தன பேர் இருந்தாலும் நீங்க கேக்குறதில்ல. வாடகைக்கு இருக்குறவங்கள மட்டும் ஏன் எண்ணுறீங்க? எங்கள மாதிரி வந்தவங்கதான் வாடகைக்கு இருக்கோம். அது உங்களுக்கும் தெரியும்."

முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நேத்து வந்தவங்க நமக்குச் சட்டம் சொல்லிக் குடுக்குறாங்க!"

ஓட்டுநருக்குக் காது சூடானது. திரும்பியவர்களில் அவருடைய பேருந்தில் தினமும் ஏறுகிற முகங்கள் இருந்தன. குடியுரிமை வாங்கிய பிறகும் அவருக்குப் பயம் விடவில்லை. யாரோ எப்போதோ எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஓர் உதறல். எழுந்தார். மனைவியின் தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்தார்.

"மன்னிச்சுக்கோங்க. இவளுக்கு விவரம் பத்தாது. இந்த நாடு எங்களுக்குச் சோறு போடுது. வந்த இடத்துல குறை சொல்றது எங்க பழக்கம் இல்ல."

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு பாதி அரங்கம் தட்டியது. பின்னால் இருந்த தடித்த மனிதர் எட்டி அவர் முதுகில் தட்டி, "உங்க ஆளுங்க எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா பிரச்சனையே இல்ல" என்றார். அந்த நாட்டில் அதுவரை அவருக்காக யாரும் கைதட்டியதில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். பின்வரிசை நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவரே பேச்செடுத்தார். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? பிடிக்கலன்னா கிளம்பிப் போங்கன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ?"

"அவங்க சொல்லல. நீங்கதான் சொல்றீங்க" என்றாள்.

அடுத்த வாரம், பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஓர் ஆசிரியை ஏறினார். சகலையின் நடுப்பிள்ளைக்குப் பாடம் எடுப்பவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். உட்காரப் போகாமல் ஓட்டுநர் அருகிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் சாலையையே பார்த்தார்.

"உங்க மனைவிக்கு அடுத்து நான் பேசுறதா இருந்தேன். கை தூக்கிட்டேன். என் வகுப்புல இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைங்க நெறைய பேர். நீங்க மன்னிப்புக் கேட்டதும் கைய இறக்கிட்டேன். அவங்களே நல்ல சட்டம்னு நினைக்கும்போது நான் யாரு பேசன்னு தோணிச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஆசிரியை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் நிற்க மறந்து, பயணிகள் சத்தம் போட்டபிறகுதான் பிரேக்கை மிதித்தார்.

சட்டம் நிறைவேறியது. சகலைக்குத் தொலைவில் இன்னொரு ஊரில் மலிவாக ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றும் நாளில் யாரும் கூப்பிடாமலே ஓட்டுநர் போய் நின்றார். மெத்தையின் ஒரு முனையை அவர் தூக்க, மறுமுனையைச் சகலை பிடித்தார்.

"பாத்துத் தூக்குங்க. உங்களுக்குன்னா கைதட்ட ஆள் இருக்கு, முதுகு பிடிச்சுக்கிட்டா எனக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டுச் சகலை சிரிக்கத்தான் செய்தார். ஆனால் 'தலைவரே' என்று கூப்பிடவில்லை. கொழுந்தியாள் வேனில் ஏறும்போது, "வரோம் மாமா" என்றாள், மரியாதையாக, ஒரு தூரத்துச் சொந்தக்காரரிடம் சொல்வதுபோல. கடைசிப் பிள்ளை மட்டும் ஜன்னல் வழியே கேட்டது. "பெரியப்பா, ஞாயித்துக்கிழமை யாரத் திட்டுவீங்க?"

வேன் கிளம்பிவிட்டது.

மறுமாதம் அதே அரங்கில் கூட்டம் நடந்தபோது, சீருடை இல்லாமல் போனார். மனைவியும் கூட வந்தாள், காரணம் கேட்கவில்லை. அவர் கை தூக்கி எழுந்தார்.

"போன தடவ நான் மன்னிப்புக் கேட்டேன். அது தப்பு. என் மனைவி சொன்னதுதான் சரி."

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார் தலைவி.

அவர் மறுபடி சொன்னார். குரல் இன்னும் சன்னமாகத்தான் வந்தது. முன்பு முதுகில் தட்டிய தடித்த மனிதர், "பிடிக்கலன்னா கிளம்ப வேண்டியதுதானே" என்று தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. ஆசிரியை அன்று வரவில்லை. தலைவி நன்றி சொல்லிவிட்டு, தெருவிளக்கு விவகாரத்துக்குப் போய்விட்டார்.

அவர் உட்கார்ந்தார். சட்டைக் காலர் வியர்வையில் ஒட்டியது. கூட்டம் முடியும்வரை மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தபின் அவள் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்."

"ஆமா" என்றார்.

"அன்னைக்கு நல்லா சத்தமாத்தான் பேசினீங்க."

அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.