இன்னொருவரின் மெழுகு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பது வயது. பகலெல்லாம் ஏதாவதொரு கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்ப்பான். மேலே காத்திருப்பவர்கள் அவனைத் திட்டுவார்களே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. மாலையானால் ஸ்கேட்போர்டைத் தூக்கிக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் பர்னிச்சர் கடையின் பின்பக்கம் போய்விடுவான். அங்கே முழங்கால் உயரத்தில் நீளமான சிமெண்ட் திண்டு ஒன்று இருந்தது.

அவன் அங்கே பழகியது க்ரூக்கட் கிரைண்ட் என்ற ஸ்கேட்போர்டு வித்தை. ஓடுகிற பலகையோடு எகிறி, முன் சக்கரங்களின் அச்சை மட்டும் திண்டின் விளிம்பில் அழுத்தி, பின்பக்கத்தைக் கோணலாகத் தூக்கி நிறுத்தி, உரசிக்கொண்டே போய் மறுமுனையில் இறங்க வேண்டும். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. அவனுடைய இடுப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

"விழுந்து கிடந்தா தூக்கக்கூட ஆள் இல்லையேடா," என்றாள் அக்கா போனில். "நாலு பேரோட பழகுற மாதிரி ஏதாவது செய்யேன்."

"நாலு பேர்கிட்ட என்னக்கா பேசறது?"

"அதையும் நானே சொல்லித் தரணுமா?"

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். அவனுக்கோ, யாராவது நிஜமாகவே சொல்லித் தந்தால் தேவலை என்றிருந்தது.

பலகை தடங்கலில்லாமல் வழுக்க, திண்டின் விளிம்பில் மெழுகு தேய்க்க வேண்டும். அவன் தேய்ப்பது வெள்ளை மெழுகுவர்த்தி. ஒரு மாலை போய்ப் பார்த்தால் விளிம்பு சிவப்பாகப் பளபளத்தது. அதன்மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கோணலான உரசல். அவன் இல்லாத நேரத்தில் யாரோ வந்து அதே வித்தையைப் பழகியிருக்கிறார்கள். அவனைப் போலவே பாதியில் குப்புற விழுந்தும் இருக்கிறார்கள். தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தான்.

அன்று கிளம்பும்போது அந்த ஆளுக்காகக் கொஞ்சம் கூடுதலாக மெழுகு தேய்த்துவிட்டுப் போனான். மறுநாள் அதற்கு மேல் சிவப்பு. சாண் முழமானது. அவனுடையதும் நீண்டது. "தோளைத் திருப்பாதீங்க, அதான் கவுக்குது," என்று அந்தச் சிவப்பு உரசலிடம் யோசனை சொல்லும் அளவுக்கு முற்றிவிட்டது. பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவன் சந்தோஷமாக இருந்தான்.

"குரல்ல தெம்பு தெரியுதே," என்றாள் அக்கா.

"துணைக்கு ஒருத்தர் வராங்க."

"யாரு?"

"தெரியாதுக்கா. காலையில வராங்க போல."

"ஒரு நாள் காலையில போய்ப் பாரேன்டா," என்றாள் அக்கா.

லீவு நாளில் விடிந்ததும் கிளம்பினான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தபடியே போனான். வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெண் சந்து முனையில் வந்து நின்றாள். அவன் வயது இருக்கும். கையில் பலகை, தலையில் ஹெல்மெட். அவனைப் பார்த்தாள். மனப்பாடம் செய்தது மொத்தமும் மறந்து, அவன் வாய் ஒட்டிக்கொண்டது. தெரிந்ததையாவது செய்வோம் என்று பலகையில் ஏறித் தள்ளினான்.

எகிறினான். அச்சு விளிம்பில் பதிந்தது, பின்பக்கம் அந்தரத்தில் நின்றது, திண்டு முடியும்வரை உரசிப் போய்ச் சுத்தமாக இறங்கினான். இத்தனை மாதமாக வராதது வந்துவிட்டது. இப்போது அவனிடம் பேச்சும் இருந்தது.

"பாத்தீங்களா?" என்று திரும்பினான்.

சந்து முனையில் யாரும் இல்லை. தெருவரை ஓடியும் பார்த்தான். ஒருவர் பழகும் இடத்தில் இன்னொருவர் குறுக்கே வர மாட்டார்; அவளும் அப்படித்தான் ஒதுங்கிப் போயிருப்பாள். அவனே எத்தனையோ இடங்களிலிருந்து அப்படிப் பேசாமல் திரும்பி வந்திருக்கிறான். அது மரியாதை என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

அதன் பிறகு விளிம்பில் சிவப்பு ஏறவே இல்லை. அவன் தேய்த்துவிட்டுப் போகும் மெழுகு, மறுநாள் தேய்த்தபடியே இருந்தது.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"முழுசா வந்துருச்சுக்கா, அந்த வித்தை."

"அதையா கேட்டேன்? அவங்களைப் பாத்தியா?"

"அவங்கதான் என்னைப் பாத்தாங்க," என்றான். "பாத்துட்டுப் போயிட்டாங்கக்கா."