வண்டியை முந்திய கிழங்கு

பசை வேண்டாம். அங்கே மட்டும் வேண்டாம்டி, தங்கமே. வேறெங்கே வேண்டுமானாலும் கொட்டிக்கொள். மேஜையில், தலைமுடியில், பக்கத்தில் இருப்பவன் சட்டையில். அந்தக் குச்சியில் மட்டும் வேண்டாம்.

டீச்சர் இதை மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டாள். மேலங்கியின் பாக்கெட்டுகளுக்குள் கைகளை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டாள். மூன்றாம் வகுப்புக்குச் செய்முறைப் பாடம் நடத்தும்போது அவள் கைகள் எப்போதும் அங்கேதான் இருக்கும். வெளியே விட்டால் போதும், யாராவது ஒரு பிள்ளையின் கோணல் அட்டையைத் தாமாகவே போய் நேராக்கிவிடும். அவள் மிட்டாய் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பிள்ளைகளுக்கு வெகுநாள் சந்தேகம்.

"உள்ள என்ன டீச்சர் வெச்சிருக்கீங்க?"

"என் கையை."

"சும்மா சொல்றீங்க!"

இந்த வாரம் வண்டி. ஓர் உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு சரிவுப் பலகையில் இறங்கிக் கதவு வரை ஓட வேண்டும். அட்டைப் பெட்டிக்கு அடியில் இரண்டு ஸ்ட்ராக்களை ஒட்டி, அவற்றுக்குள் குச்சிகளை நுழைத்து, முனைகளில் பாட்டில் மூடிகளைச் செருகினால் சக்கரம் தயார். ஸ்ட்ராவுக்குள் குச்சி சுழன்றால்தான் சக்கரமும் சுழலும். அந்த ஸ்ட்ராவின் வாய் நிறையத்தான் பிசின் இப்போது பசையை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிசின், டீச்சருடைய அக்காவின் மகள். எதைச் செய்தாலும் ஒரு டப்பா பசையைக் காலி செய்வாள் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அவளுக்கும் அதில் பெருமைதான்.

"நல்லா கெட்டியா இருக்கும் சித்தி. சக்கரம் கழண்டே வராது!"

"ஸ்கூல்ல டீச்சர்னு கூப்பிடு."

"சரி சித்தி."

மதியத்துக்குள் பசை காய்ந்துவிட்டது. கிழங்குகளுக்கெல்லாம் கண், மூக்கு, மீசை வரைந்தாயிற்று. ஓட்டைப்பல்லன் என்று எல்லோரும் கூப்பிடும் பையனின் வண்டி கோணிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் முட்டி நின்றது; ஆனாலும் ஓடியது. அடுத்து பிசின். மீசைக்காரக் கிழங்கை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு விட்டாள்.

வண்டி ஒரு சாண் சறுக்கி நின்றது. கிழங்கு நிற்கவில்லை. குப்புற விழுந்து, பலகையில் உருண்டு, மேஜைக் கால்களுக்கு நடுவே புகுந்து, கதவைத் தாண்டி வராந்தாவுக்கே போய்விட்டது.

"டீச்சர்! வண்டிய விட கிழங்கு நல்லா ஓடுது!"

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிசினின் கீழுதடு ஒரு நொடி நடுங்கியது. பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சருக்குத்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

பள்ளி விட்டதும் அக்கா வந்தாள். தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள். வண்டியை ஒரு முறை திருப்பிப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகள் காதில் விழாமல் தங்கையை அலமாரிப் பக்கம் இழுத்தாள்.

"நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவும் பாக்க வர்றாங்க. இவ வண்டி மட்டும் நிக்கணுமா?"

"இப்போதைக்கு நிக்குது."

"மூணு நிமிஷ வேலைடி. அதப் பிச்சுட்டு வேற ஸ்ட்ரா போட்ரலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது."

தெரியும், என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர். பத்து வயதில் அவளும் பள்ளிப் போட்டிக்காக ஒரு துணிப்பை தைத்தாள். அவள் விளையாடப் போன நேரத்தில் அக்கா அதைப் பிரித்து, எறும்பு வரிசை போல அழகாகத் தைத்து வைத்துவிட்டாள். பாசத்தில்தான். பைக்குப் பரிசு கிடைத்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பரிசு வாங்கும்போதே, இது தன் தையல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன்னுடைய பை ஒரு கிலோ அரிசியைத் தாங்கியிருக்குமா, கிழிந்திருக்குமா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. அக்காவிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அக்கா அழுதுவிடுவாள்.

"நாளைக்கும் ஓடலேன்னா?"

"கிழங்காவது ஓடும்."

"விளையாடாத. அந்தக் கத்திரிய இப்படிக் குடு. உன் பாக்கெட்லதான இருக்கு?"

அந்தப் பக்கம் பிசின் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கன்னம் சிமெண்டில் ஒட்டியிருந்தது. ஓட்டைப்பல்லனின் வண்டியைக் கவிழ்த்துக் காதோரம் வைத்து, சக்கரத்தை விரலால் தட்டினாள். டிர்ர்ர். தன் வண்டியைத் தட்டினாள். சத்தமே இல்லை. மறுபடி அவன் வண்டி. டிர்ர்ர். புருவம் மெல்லச் சுருங்கியது. ஸ்ட்ராவின் வாயை ஒரு நகம் சுரண்டிப் பார்த்தது.

"குடுடி," என்று அக்கா கை நீட்டினாள்.

பாக்கெட்டுக்குள் டீச்சரின் விரல்கள் கத்திரியை இறுக்கிக்கொண்டன. அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"மாட்டேன்க்கா."