பெரியவர் அனுமதி

'க' என்ற ஒற்றை எழுத்தைத்தான் அடித்திருந்தாள் மருந்தம்மா. கேட்காமலேயே தேடல் பெட்டிக்குக் கீழே ஒரு வரிசை இறங்கி வந்து நின்றது. கண்புரையைப் பற்றித் தேட வந்தவளின் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. வரிசையின் தலையில் இருந்தது அவள் முன்பொரு நாள் கேட்ட கேள்விதான். கணவர் இறந்த பிறகு நிம்மதியாக இருப்பது நோயா?

பக்கத்தில், தோள் உரசும்படி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். இறந்துபோனவரின் ஒரே தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. மதியம் ஆனால் வந்துவிடுவாள். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பேசுவாள், அண்ணன் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் அழுவாள், போய்விடுவாள்.

"என்னண்ணி, ஏதோ வந்துருச்சே. அதான் ஆபரேஷனா?"

"விளம்பரம். இதுல எதத் தொட்டாலும் விளம்பரந்தான்."

சொல்லும்போதே பக்கத்தை மூடிவிட்டாள். நாத்தனார் கண்ணை இடுக்கிக்கொண்டு திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். அவளுக்கு எல்லாம் பனிமூட்டத்துக்குள் தெரிவது போலத்தான் தெரியும். அதற்காகத்தானே தேடவே உட்கார்ந்தது. நல்லவேளை, இவளுக்குக் கண்ணில் புரை இருக்கிறது என்று மருந்தம்மாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம், அடுத்தவள் கண் மங்கியதற்கா நன்றி சொல்கிறோம் என்று கூசியது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு கண் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைத் தேடிக் கொடுத்தாள்.

மருந்தம்மா என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். காலையிலிருந்து மதியம் வரை கடைத்தெரு மருந்துக்கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு ஊரின் பாதி ரகசியம் தெரியும். குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள், சீட்டை மடித்துக் கையில் திணிப்பவர்கள், பக்கத்தில் நிற்பவர் போகட்டும் என்று இருமல் மிட்டாயைப் பார்த்துக்கொண்டே நிற்பவர்கள் எல்லாரையும் அவளுக்குத் தெரியும். யாருக்கும் அவள் புருவம் உயர்ந்ததில்லை. காகித உறையில் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்துக் கொடுப்பாள். "உன் வயித்துல போட்டது கல்லுக்கடியில போட்ட மாதிரி" என்று கடை முதலாளியம்மா சொல்வாள். ஊருக்கெல்லாம் உறை போட்டுக் கொடுத்தவளுக்குத் தன்னுடையதை மூடி வைக்க ஒரு இடம் இல்லாமல் போயிற்று.

வீட்டில் மூடி வைத்துப் பழக்கமே இல்லை என்பதுதான் விஷயம். கணவருக்குச் சாத்திய கதவு பிடிக்காது. "நமக்குள்ள என்ன மூடுமந்திரம்?" என்பார். கல்யாணமான புதிதில் படுக்கையறைக் கதவின் உள்தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றி எடுத்தவர் அவர்தான். கோபமாகக்கூட இல்லை; விசிலடித்துக்கொண்டே கழற்றினார். அவர் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கியதில்லை. நாலு பேர் இருக்கும்போது அவள் வாயைத் திறந்தால் மட்டும், "அவ கெடக்கறா, நீங்க சொல்லுங்க" என்று சிரிப்பார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். இதை எந்தக் கணக்கில் குற்றம் என்று எழுதுவது? அவர் நோயில் விழுந்தபோது ஒரு வேளைகூட மருந்து தவறாமல் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு வந்த ஒரு சாதாரணக் காலையில், வெயில் முகத்தில் விழுந்து எழுந்தவள், உடம்பெல்லாம் லேசாக, பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளையைப் போலத் தான் கிடப்பதை உணர்ந்தாள். அந்தச் சந்தோஷம் என்ன என்று புரிந்தபோது போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

இதை யாரிடம் கேட்பது? கம்ப்யூட்டரிடம் கேட்டாள். அதற்கு முகம் இல்லை, புருவம் இல்லை. அழுகை வராவிட்டால் மருந்து உண்டா. செத்தவர் மேல் கோபம் எப்போது போகும். அவர் இன்னும் சில வருடம் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன். கடைசிக் கேள்விக்கு அது ஏதோ காப்பீட்டுத் திட்டங்களைக் காட்டியது. ஆனாலும் கேட்டதே பாதி வைத்தியம் போல இருந்தது.

இப்போது நாத்தனார் கண் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாள். கண் தெளிந்து வந்து இதே நாற்காலியில் உட்காருவாள். மருந்தம்மா கடையில் இருக்கும் நேரத்தில் தானே திறந்து, தானே 'க' என்று அடிப்பாள்.

ஆகவே கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். எப்படி என்று சொல்லும் வீடியோவை ஃபோனில் பார்த்தாள். அதில் பேசிய பையன், 'அமைப்புகள் போங்க, கணக்குகள் போங்க, உள்நுழைவு போங்க, அங்க பாஸ்வேர்ட்னு இருக்கும்' என்று பந்தியில் பரிமாறுகிற வேகத்தில் சொல்லிக்கொண்டு போனான். அவளும் ஒவ்வொன்றாகப் போனாள். அவன் திரையில் பாஸ்வேர்ட் என்று இருந்த இடத்தில், அவள் திரையில் வெள்ளையாக ஒன்றும் இல்லை. கண் பழுதோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வேறொரு வீடியோ பார்த்தாள், அதிலும் இருந்தது. உலகத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிற தாழ்ப்பாள் இங்கே மட்டும் இல்லை. கழற்றி எடுத்தாற்போல இல்லை.

மறுநாள் கடையிலிருந்து திரும்பும் வழியில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண்ணைக் கையோடு கூட்டி வந்தாள். வாய் ஓயாத பெண். வீட்டுக்குள் வந்ததும் செருப்பை விடுவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பூட்டத் திறந்து குடுங்கன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பூட்டுப் போட்டுக் குடுங்கன்னு கூப்பிட்ட மொத ஆளு நீங்கதாம்மா. என்ன, உள்ள பொதையல் கிதையல் வச்சிருக்கீங்களா?"

"கடைக் கணக்கு கொஞ்சம் பாக்கறேன். அதான்" என்றாள் மருந்தம்மா. பொய் சட்டென்று வந்தது.

அந்தப் பெண் திரைக்குள் எங்கெங்கோ போனாள். முணுமுணுத்தாள். பிறகு கலகலவென்று சிரித்தாள்.

"இது யாரும்மா போட்டுக் குடுத்த கணக்கு?"

"என் மகன். வெளியூர்ல இருக்கான். போன வருஷம் லீவுக்கு வந்தப்ப."

"அதான பாத்தேன். இதுல நீங்க கொழந்தைம்மா. ஒம்பது வயசுன்னு போட்டு வச்சிருக்காரு. கொழந்தைக் கணக்குல பெரியவங்க சம்மதம் இல்லாம பூட்டெல்லாம் மாத்த முடியாத மாதிரி பண்ணிருக்காரு. அதான் அந்த எடமே வரல."

மருந்தம்மா சிரிக்க முயன்றாள். கன்னம் சூடாயிற்று. மகன் எதற்கு இப்படிப் போட்டான் என்று தெரியும். போன வருஷம் திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்து, அதில் இருந்த எண்ணுக்கு அவள் ஃபோன் செய்து, அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தபோது கணவர் ஓடி வந்து வயரைப் பிடுங்கினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். மகனிடம், "உங்கம்மா கைல இதக் குடுத்தா வீட்டையே எழுதிக் குடுத்துருவா. நீ ஏதாவது பண்ணிட்டுப் போ" என்றார். மகன் ஏதோ பண்ணிவிட்டுப் போனான். பாஸ்வேர்ட் கேட்டதற்கு, "நீ மறந்துருவம்மா, வேணாம்" என்றான். அவளுக்கு அதுவும் அக்கறையாகத்தான் பட்டது.

"இந்தா பாருங்க, உங்க பெரியவங்க." பெண் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். குடும்பம் என்று மேலே எழுதியிருந்தது. கீழே மூன்று வட்டங்கள். கடைசியில் அவள், படம் இல்லாமல். அதற்கு மேலே மகன். எல்லாருக்கும் மேலே கணவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிற படம், சுவரில் மாட்டியிருக்கும் அதே படம்.

"சாரும் இருக்காரே. வாரா வாரம் அறிக்கையும் போயிட்டுத்தான் இருக்கு, ரெண்டு பேருக்கும்."

"என்ன அறிக்கை?"

"கொழந்தை என்ன பாத்துச்சு, எவ்வளவு நேரம் பாத்துச்சு, என்ன தேடுச்சுன்னு. பயப்படாதீங்க, நெறைய அப்பா அம்மா தொறந்தே பாக்க மாட்டாங்க." சொல்லிக்கொண்டே ஒரு பொத்தானைத் தட்டினாள். "அவ்வளவுதான். பூட்டுக்கு அனுமதி கேட்டு உங்க மகனுக்குப் போயிடுச்சு. அவரு சரின்னு ஒரு தட்டுத் தட்டுனா அந்த எடம் வந்துரும்."

"வேண்டாம்" என்றாள் மருந்தம்மா. அதற்குள் போனது போய்விட்டிருந்தது.

அந்தப் பெண் போன பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. வாரா வாரம். அவருடைய பெட்டிக்கும் போயிருக்கிறது. நீங்கள் போனதில் எனக்கு நிம்மதி என்று, போனவருக்கே வாரம் தவறாமல் எழுதிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் திறக்காத பெட்டியில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். மகனுடைய பெட்டி?

அவன் பார்க்காமல்கூட இருந்திருக்கலாம். அந்தப் பெண்தான் சொன்னாளே. ஆனால் அவன் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து முன்னால் நின்றது. முகம் பார்த்துப் பேசும்போது அவள் விளக்கை அணைத்துவிட்டு உட்காருவாள், முகம் வாடித் தெரியட்டும் என்று. "தூக்கமே இல்லப்பா" என்பாள். மரக்கட்டையாகத் தூங்கி எழுந்த முகத்தோடு சொல்வாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொள்வாள், அதில் ஈரம் இருக்காது. ஒரு நாள் அவன், "அழணும்னு ஒண்ணும் இல்லம்மா. தூக்கம் வந்தா நல்லாத் தூங்கு" என்றான். பிள்ளை ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தாள். இன்னொரு நாள், ஏதோ பேச்சுக்கு நடுவில், பொருத்தமே இல்லாமல், "அப்பா கொஞ்சம் கஷ்டமான ஆளுதான், இல்லம்மா?" என்றான். அப்பாவைத் தலையில் வைத்துக் கொண்டாடிய பிள்ளை. அதைச் சொல்ல அவன் நாக்கு எத்தனை தூரம் நடந்து வந்திருக்கும்! அவள் என்ன செய்தாள்? "அப்படியெல்லாம் சொல்லாத. தெய்வம் மாதிரி மனுஷன்" என்று அதட்டினாள். குரல் தழுதழுக்கவும் செய்தது. அந்தத் தழுதழுப்பு நன்றாக வந்ததில் உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவன் கேட்டிருக்கிறான். அவள் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் நீட்டியிருக்கிறான். இவள் நாடகம் ஆட, அவன் டிக்கெட் வாங்கியவனைப் போலக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நிம்மதியாக இருந்தது இப்போது அவ்வளவு வெட்கமாகத் தோன்றவில்லை. அந்த ஈரமில்லாத முந்தானைதான் நினைக்க நினைக்கக் கூசியது.

ஃபோன் அடித்தது. மகன். வேலை நேரத்தில் கூப்பிடுகிற வழக்கம் இல்லாதவன்.

"அம்மா, என்னமோ அனுமதி கேட்டு வந்திருக்கு."

"கம்ப்யூட்டர் பாக்கற பொண்ணு வந்திருந்துச்சுப்பா. அதுதான் என்னக் கேக்காமயே தட்டி..."

"குடுத்துட்டேன்மா." அவனே தொடர்ந்தான். "எப்பவோ குடுத்திருக்கணும். அப்பா சொன்னாருன்னு பண்ணுனது. அப்புறம் எப்படிப் பேச்ச எடுக்கறதுன்னு தெரியல."

அவள் மேசை விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தூசி இல்லை.

"அம்மா."

"சொல்லுப்பா."

"அதுல அப்பா பேரும் இருக்கு. எடுத்துடவா?"

எடுத்துடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். வேண்டாம் என்றால் மறுபடியும் முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றியதாகிவிடும். அவனும் காத்திருந்தான், அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமை அவனுக்கு அப்பாவிடமிருந்து வந்ததில்லை.

"அப்புறம் சொல்றேனே. அடுப்புல பால் வச்சிருக்கேன்."

அடுப்பில் பால் இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று, சொன்ன பிறகுதான் தோன்றியது.

"சரிம்மா" என்றான். "பொங்கிடப் போகுது. பாரு."

மறுநாள் மதியம் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதே நாத்தனார் வந்துவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணீ! இங்க வாங்களேன். என்னமோ கட்டம் போட்டு நிக்குது. நகர மாட்டேங்குது."

மருந்தம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நீல நிறத் திரை. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் ஒரு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. மகன் கொடுத்த அனுமதியில் நேற்றிரவு அவளே போட்ட பூட்டு.

"பாஸ்வேர்ட் கேக்குது."

"அடிங்க அப்ப. புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

குனிந்து விசைப்பலகையில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள்.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

நாத்தனாருக்குப் புரியவில்லை. "நானா? எனக்குத்தான் கண்ணே தெரியலயே அண்ணி!"

"தெரியலன்னா என்ன. திரும்பிக்கோ."

இந்த வீட்டில் இப்படி ஒரு சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் காது மடல் சுட்டது. நாத்தனார் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, என்ன தெரியவில்லையோ. பிறகு நாற்காலியோடு கரகரவென்று திரும்பி, படுக்கையறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் பெயிண்ட் அடைத்த திருகாணி ஓட்டைகள் இருந்தன. கண்ணாமூச்சியில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் பின்கழுத்து அப்படியே அண்ணனுடையது. கொண்டைக்குக் கீழே அதே சுழி, அதே மச்சம். எத்தனையோ வருஷம் பின்னாலிருந்து மருந்தம்மா பார்த்துக்கொண்டு நின்ற கழுத்து. ஒரு தடவைகூட அது இப்படி அவளுக்காகத் திரும்பிக் காத்திருந்ததில்லை.

"ஆச்சா அண்ணி?"

"இன்னும் இல்ல" என்றாள். விரல்கள் மறக்காத எழுத்துகளின் மேல் அவசரமில்லாமல் நின்றன. கட்டத்துக்குள் கோடு மின்னிக்கொண்டிருந்தது.